சொட்டு மேடத்தின் ஒட்டுக் கணக்கு

அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது என் வழுக்கையைப் பற்றித்தான்.

என் நாற்காலிக்கு நேர் மேலே ஓர் ஏசி இருந்தது. கோடை வந்தால் அது குளிரைவிடத் தண்ணீரைத்தான் தாராளமாகக் கொடுக்கும். அன்று காலை என் உச்சியில் ஒரு சொட்டு விழுந்த நேரம் பார்த்து, லேபுக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த மேடம் உள்ளே வந்தார். வணக்கம் சொல்லவில்லை. நேராக என் பக்கத்தில் வந்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, என் தலையைப் பக்கவாட்டில் பார்த்தார்.

“அசையாதீங்க சார். உருண்டு நிக்குது.”

“எது மேடம்?”

“தண்ணிங்க. தேங்காயெண்ணெய் வெக்கறீங்களா?”

“வெக்கறேன்.”

“அதானுங்க. எண்ணெய் பட்ட தோலுக்குத் தண்ணி ஆகாது. முத்தாட்டம் திரண்டு நிக்கும். சீயக்காய் போட்டுக் குளிச்ச தலைன்னா இந்நேரம் பரவிப் போயிருக்கும்.”

என் தலையைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள் உண்டு. என் பின்னால் சிரித்தவர்கள் உண்டு. அதை ஒரு மேற்பரப்பாக மதித்தவர் அவர் ஒருவர்தான். சொட்டு வழிந்து காதுக்குப் பின்னால் இறங்கும்வரை பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் தன் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் கம்பெனியில் அதை யாரும் பயன்படுத்தவும் இல்லை. ஒரு வாரத்துக்குள் அவர் எல்லோருக்கும் ‘சொட்டு மேடம்’ ஆகிவிட்டார்.

எங்கள் கம்பெனி மோர்க் கம்பெனி. பொம்மனஹள்ளியில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கார்மென்ட்ஸுக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் நடுவில் இருந்தது. பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, கடைந்து, தண்ணீரும் உப்பும் இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்த்து, பாக்கெட்டில் அடைத்து ‘மசாலா மஜ்ஜிகே’ என்று ஊர் முழுவதும் அனுப்புவோம். நான் பிளான்ட் மேனேஜர். பெயர்தான் பெரிது. மோர் நன்றாக இருந்தால் அது ஓனரின் கைராசி. கெட்டுப்போனால் என் முகராசி.

மேடம் கோயம்புத்தூர்ப் பக்கம். கிருமி எதில் ஒட்டும், எதில் ஒட்டாது, ஏன் என்பதையே பல வருடம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பைப் கழுவும் கனகம்மா நீலசந்திராவிலிருந்து வருபவள். அவள் இதைக் கேட்டுவிட்டு மோவாயில் கை வைத்தாள்.

“அதுக்கொரு டாக்டரா? ஊசி போடுவாங்களா சார்?”

“மாட்டாங்க.”

“மாத்திரை?”

“எழுத மாட்டாங்க.”

“அப்ப இன்னாத்துக்கு டாக்டர்?”

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் மேனேஜர் என்பவன் சந்தேகத்தை வெளியில் காட்டக்கூடாது என்பதால் சிடுசிடுவென்று, “போய் வேலையப் பாரு” என்றேன்.

மேடத்தின் வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கண்ணாடிச் சொட்டான் இருக்கும், மற்றவர்கள் பேனா வைத்திருப்பது போல. எதைப் பார்த்தாலும் அதன்மேல் ஒரு சொட்டு வைப்பார். எஃகுத் தொட்டியில் வைப்பார். ரப்பர் வாஷரில் வைப்பார். என் அடையாள அட்டையில் வைத்து, “உங்க போட்டோ மேல பரவுது, கம்பெனி பேர் மேல பரவ மாட்டேங்குது பாருங்க” என்றார். ஓனரின் கார் அன்றுதான் பாலிஷ் போட்டு வந்திருந்தது. அதன் பானெட்டில் வரிசையாகச் சொட்டு வைத்து, குனிந்து பார்த்து, “அருமையான தோலுங்க” என்றார். அது தன் ரசனைக்குக் கிடைத்த பாராட்டு என்று ஓனர் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார்.

நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று யாராவது பிரித்தால் அவருக்குப் பிடிக்காது. “அது அப்புறம். மொதல்ல தோல் என்ன சொல்லுதுன்னு பாருங்க” என்பார். அவரைப் பொறுத்தவரை ஒரு கிருமியின் வயிற்றுக்குள் இருப்பது அதன் சொந்த விஷயம். வெளி உலகத்தோடு பேசுவது தோல். அந்தத் தோலில் சர்க்கரை தூக்கலா, புரதம் தூக்கலா, அமிலக் கூட்டம் எவ்வளவு, முடி முளைத்திருக்கிறதா, வழவழப்பு பூசியிருக்கிறதா, இதைப் பொறுத்துத்தான் அது தண்ணீரில் நீந்திக்கொண்டு போகுமா, சுவரைப் பிடித்துக்கொண்டு குடும்பம் நடத்துமா என்பது. தின்னும் சாப்பாடு மாறினால் அந்தத் தோலும் மாறுமாம்.

இந்தத் தத்துவத்தால் எங்கள் கம்பெனிக்கு வந்த ஒரு ஆள் பட்ட பாடு தனி. ஊரில் எல்லா ஆபீசிலும் நடக்கிறதே என்று ஓனரும் ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். டீம் பாண்டிங் வகுப்பு. அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “வெளித்தோற்றத்தை மறந்துவிடுங்கள், உள்ளே இருப்பதுதான் நீங்கள்! ஒருவரோடு ஒருவர் பாண்ட் ஆகுங்கள்!” என்று கை தட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினோம். மேடம் கை தூக்கினார்.

“எந்த பாண்டுங்க?”

“சாரி மேடம்?”

“ஹைட்ரஜன் பாண்டா? இல்ல, பிளஸ்-மைனஸ் இழுக்கறதா? எதுன்னு தெரிஞ்சாத்தானுங்களே தண்ணி ஊத்தினா நிக்குமா போகுமான்னு சொல்ல முடியும்?”

பயிற்சியாளர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். அந்த மனிதர் அடுத்த ஸ்லைடுக்குப் போனார். அதிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன. “கையில வேர்வை இருக்குதுங்களா?” என்று மேடம் கேட்டார். டீ இடைவேளை சீக்கிரமாக வந்துவிட்டது.

இன்னொரு நாள் லேபில் ஒரு கண்ணாடிக் குழாயைக் காட்டினார். கிருமிகள் நிறைந்த தண்ணீர், கஞ்சித் தெளிவு போலக் கலங்கலாக இருந்தது. அதன்மேல் எண்ணெய் மாதிரி ஏதோ ஒன்றை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே பிரிந்தது. கீழே இருந்த தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது.

“எங்க போச்சு மேடம் எல்லாம்?”

“எண்ணெய்ப் பக்கம் தாவிருச்சுங்க. தோல் தண்ணிக்கு ஆகாத வகையறா. சான்ஸ் கிடைச்சதும் கிளம்பிருச்சு.”

“ரிசார்ட்டுக்குப் போற எம்.எல்.ஏ. மாதிரி.”

அவர் யோசித்தார். “எத்தனை பேரு தாவறாங்கன்னு எண்ணினா, கட்சியோட குணம் தெரிஞ்சுரும்” என்றார். என் ஜோக்கை எடுத்து முறையான பரிசோதனையாக்கித் திருப்பிக் கொடுப்பது அவர் வழக்கம். அதற்கப்புறம் அதில் சிரிக்க எதுவும் மிஞ்சாது.

கனகம்மாவுக்கு மட்டும் அவர்மேல் பயமே கிடையாது. தொட்டி ஓரமாகக் குந்தி ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் போய், “இன்னா மேடம், தங்கம் கீதா?” என்பாள். ஒரு நாள், கேட்கவே கூடாதது என்று நாங்களெல்லாம் ஒதுக்கி வைத்திருந்ததைக் கேட்டே விட்டாள்.

“கல்யாணம் ஏன் கட்டிக்கல மேடம்?”

மேடம் கோபப்படவில்லை. “ரெண்டு பக்கமும் மைனஸா இருந்தா கிட்ட வர முடியாதுங்க அக்கா” என்றார்.

“அப்படீன்னா?”

“கிருமித் தோலு மின்சாரக் கணக்குல மைனஸு. இந்தத் தொட்டிச் சுவரும் பெரும்பாலும் மைனஸு. ரெண்டும் ஒண்ணையொண்ணு முறைச்சுத் தள்ளும். நல்ல தண்ணியில அப்படியே தள்ளித் தள்ளி நின்னுக்கும். உப்புத் தண்ணியில, கடினத் தண்ணியில சுண்ணாம்புச் சத்து இருக்குதுங்களே, அதுக்கு ரெண்டு பிளஸ்ஸு. ஒரு கையில இவனைப் பிடிக்கும், ஒரு கையில அவனைப் பிடிக்கும்.”

“புரோக்கரு!”

“ஆமாங்க. அப்புறம் மோர் புளிக்கப் புளிக்க, முறைப்பும் கொறைஞ்சுரும்.”

“எங்க நீலசந்திராவுல ஒரு புரோக்கர் கீறாரு மேடம். சுண்ணாம்பு மாதிரிதான் வெள்ளை வேட்டி. சொல்லட்டா?”

மேடம் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

அந்த வருடம் கோடை கொடுமையாக வந்தது. போர்வெல் இருமிவிட்டு நின்றுபோனது. ஆற்றுத் தண்ணீர்க் குழாயில் காற்று வந்தது. டேங்கர் தண்ணீர்தான் கதி. டேங்கர்காரன் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து கொண்டுவந்தானோ, சோப்பு போட்டால் நுரையே வராது; பக்கெட்டின் ஓரம் வெள்ளை வெள்ளையாகப் படியும். மோருக்குச் சேர்க்கும் தண்ணீரை மட்டும் வடிகட்டிச் சுத்தம் செய்தோம். கழுவுவதற்கு அப்படியே விட்டோம். கழுவுகிற தண்ணீரைக் குடிக்கப்போவது யார் என்பது என் நிர்வாகத் திறமை.

பிறகு பாக்கெட்டுகள் உப்ப ஆரம்பித்தன.

முதலில் ஒரு கடையில் இரண்டு. அடுத்து ஒரு பெட்டி. கடைக்காரர்கள் போன் செய்து, “சார், உங்க மஜ்ஜிகே தலகாணி ஆயிடுச்சு” என்றார்கள். ஒருவர் கடையில் ஃபிரிட்ஜைத் திறந்ததும் படீரென்று வெடித்து, முழுகாமலிருந்த ஒரு பெண்மேல் கொத்தமல்லியோடு தெறித்ததாம். நான் அந்தக் கடைக்கு நேரில் போய்க் கும்பிட்டேன். திரும்பி வந்து குடோனில் இருந்த பாக்கெட்டுகளைத் தட்டிப் பார்த்தால் அங்கேயும் தப்பட்டை சத்தம்.

பயத்தில் மனிதன் என்னென்ன செய்வான் என்பதற்கு நான் செய்ததே பாடம். எலுமிச்சையும் மிளகாயும் கோத்து பேக்கிங் மிஷினில் கட்டினேன். காற்றுதானே, வெளியே விட்டால் போகிறது என்று ஒரு குண்டூசியை எடுத்து, உப்பிய பாக்கெட்டின் மூலையில் மெதுவாகக் குத்தினேன். காற்று வரவில்லை, மோர் வந்தது. அதுவும் நேராக என் வாய்க்குள். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றபோது, கனகம்மா அந்தப் பக்கம் வந்து, “சாருக்கு டேஸ்ட்டு பாக்கக்கூட டைம் இல்ல, பைப்பு வெச்சு ஊத்திக்கறாரு” என்றாள். ஆத்திரத்தில், “நீ ஒழுங்காக் கழுவுறதில்ல, அதான் இப்படி” என்று கத்தினேன். அவள் கையிலிருந்த பிரஷை நீட்டினாள். “இந்தா, நீயே கழுவி, நீயே நக்கிப் பாரு.”

என் அடுத்த சாதனைதான் பெரிது. எஃகுப் பைப்பில்தான் ஏதோ ஒட்டுகிறது என்று முடிவு செய்தேன். ஒட்டாத பைப் ஒன்று இருந்தால்? வீட்டில் தோசைக்கல்லைப் பார்த்தபோது எனக்கு ஞானம் பிறந்தது. நான்ஸ்டிக்! முறுகலான தோசையே வழுக்கிக்கொண்டு வருகிறது, கண்ணுக்குத் தெரியாத கிருமி என்ன செய்துவிடும்? கடை கடையாகத் தேடி, உள்ளே அதே வகைப் பூச்சுள்ள வெள்ளை ஹோஸ் ஒன்றை வாங்கி, தொட்டியிலிருந்து பேக்கிங் மிஷினுக்குப் போகும் எஃகுப் பைப்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். சும்மா மாட்டவில்லை, சாமந்தி மாலை போட்டுத் தேங்காய் உடைத்து மாட்டினேன். அப்போது மேடம் பால் எடுக்கும் இடங்களைப் பார்க்க ஒரு வாரம் வெளியூர் போயிருந்தார். பாக்கெட்டுகள் முன்னைவிட வேகமாக உப்பின. பழைய கெடுதலின் மிச்சம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஓனர் என்னையும் மேடத்தையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுதான் பயம். “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்” என்றார் கன்னடத்தில். “பாக்கெட் தட்டையாப் படுக்கணும். இல்லன்னா பிளான்ட்டுக்கு வேற மேனேஜர், லேபுக்கு வேற ஆள்.” மேடத்துக்கு அவ்வளவாகக் கன்னடம் புரியாது என்பதால் அதைத் தமிழில் சொல்லும் பாக்கியமும் எனக்கே கிடைத்தது. என் வேலை போவதை என் வாயாலேயே மொழிபெயர்த்தேன், கூடவே அவருடையதையும். சுற்றிலும் கம்ப்யூட்டர் கம்பெனியாக இருக்கும் இந்த ஊரில், நாற்பத்தெட்டு வயதில் மோரைத் தவிர வேறெதுவும் தெரியாதவனை யார் கூப்பிட்டு என்ன கடையச் சொல்வார்கள்?

மேடம் கலங்கவில்லை. “பைப்புல ஒட்டு கம்மியாத்தானுங்க இருக்குது. தெனமும் கேட்டுட்டுத்தானே இருக்கறேன்” என்றார்.

உண்மைதான். தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். லேப் அசிஸ்டென்ட் மஞ்சுநாத் துமகூர்ப் பக்கம். தமிழ் ஒரு சொல் தெரியாது. பைப் கழுவி முடிந்ததும் கடைசியாக வரும் தண்ணீரில் எத்தனை கிருமி என்று எண்ணிச் சொல்வது அவர் வேலை. மேடம் சேர்ந்த புதிதில் அவரிடம் அரைத் தமிழிலும் கால் இங்கிலீஷிலும் மீதிக் கை ஜாடையிலும் சொல்லியிருந்தார்: தண்ணீரோடு வருவதை எண்ணிப் பிரயோஜனம் இல்லை, சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பஞ்சால் துடைத்தெடுத்து எண்ண வேண்டும், “எனக்கு ஒட்டு வேணும், ஒட்டு.” மஞ்சுநாத் பெரிதாகத் தலையாட்டினார். “ஒட்டு? ஆய்த்து மேடம்!” அன்றிலிருந்து தினமும் காலையில் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து மேடம், எவ்வளவு என்பதை மட்டும் கன்னடத்தில் சொல்லி, குரல் கொடுப்பார்.

“மஞ்சுநாத், ஒட்டு எஷ்டு?”

இந்தக் கோடியிலிருந்து பதில் வரும். “ஒட்டு ஹத்து, மேடம்!”

பத்து. சில நாள் எட்டு. அருமையான கணக்கு. இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை மத்தியானம். மறுநாள் கெடு. எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மெஸ்ஸிலிருந்து சாப்பாடு கொண்டுவருபவர் வாசலில் நின்று மேடத்தைக் கேட்டார், “ஒட்டு எஷ்டு ஜன, மேடம்?”

மேடம் குழம்பிப்போய் என் பக்கம் திரும்பினார். “சாப்பாட்டுக்காரர் எதுக்குங்க எத்தனை பேர் ஒட்டியிருக்காங்கன்னு கேக்கறார்?”

அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ மேடம், கன்னடத்துல ஒட்டுன்னா மொத்தம். மொத்தம் எத்தனை பேர்னு கேக்கறாரு. நம்ம ஒட்டுக்கு இவங்க அண்ட்டுன்னு சொல்வாங்க. ஒட்டுன்னா...”

அங்கே நின்றுவிட்டது என் வாய்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் மஞ்சுநாத்தைப் பார்த்தேன். மஞ்சுநாத் ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மஞ்சுநாத்,” என்று கன்னடத்தில் கேட்டேன், “தினமும் மேடத்துக்குச் சொல்றீங்களே ஒட்டு, அது எதோட ஒட்டு?”

“கடைசித் தண்ணீரோடது சார். அதுல மொத்தம் எத்தனைன்னு.”

“சுவரைத் துடைச்சு எடுத்தீங்களா?”

“சுவரை எதுக்கு சார் துடைக்கணும்?”

நான் இதே ஊரில், ஆஸ்டின் டவுனில் பிறந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கறிக்கடையில் உருது. எப்போது எதற்கு மாறினேன் என்று எனக்கே தெரியாது. மேடம் ‘ஒட்டு’ என்றபோது என் காது தமிழில் கேட்டது. மஞ்சுநாத் ‘ஒட்டு’ என்றபோது கன்னடத்தில் கேட்டது. இரண்டும் தனித்தனியாகச் சரியாக இருந்தன. ஒரு மொழி மட்டும் தெரிந்த முட்டாளாக இருந்திருந்தாலாவது, “என்ன சொன்னார்?” என்று ஒரு நாள் கேட்டிருப்பேன்.

மேடத்தின் முகம் வெளுத்துப்போனது. “போறவங்களை எண்ணிட்டு, இருக்கறவங்களை விட்டுட்டேனுங்க” என்றார். “நானே ஒருதரம் துடைச்சுப் பாத்திருக்கோணும். காதால கேட்டதை நம்பிட்டேன்.” சாப்பிடாமல் எழுந்து, பஞ்சுக் குச்சிகளை எடுத்துக்கொண்டு போனார். தொட்டி, மற்ற எஃகுப் பைப்புகள், வாஷர் என்று ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தவர், என் வெள்ளை ஹோஸ் முன்னால் நின்றார்.

“இது எப்பங்க வந்துது?”

“நீங்க வெளியூர் போயிருந்தப்ப மேடம்.” பெருமையை அடக்க முடியவில்லை. “நான்ஸ்டிக்.”

அவர் ஹோஸ் முனைக்குள் இருந்த பூச்சில் ஒரு சொட்டு வைத்தார். என் வழுக்கையில் நின்றதைவிட உருண்டையாக நின்றது.

வெள்ளிக்கிழமை ஓனர் வந்தபோது, மேடம் கனகம்மாவிடமிருந்து கொத்தமல்லி நறுக்கும் கத்தியை வாங்கி வைத்திருந்தார். எல்லோர் முன்னாலும் என் ஹோஸை வாழைத்தண்டு மாதிரி நீளவாக்கில் பிளந்தார். பார்வைக்கு ஒன்றுமில்லை. பால் வெள்ளை. “தொட்டுப் பாருங்க சார்” என்றார். ஓனர் விரலை வைத்து இழுத்தார். வெண்டைக்காய் நறுக்கிய கத்தி போல ஒரு வழவழப்பு விரலோடு நூலாக வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேடம் அதில் ஓர் இடத்தை நன்றாகத் தேய்த்துத் துடைத்து ஒரு சொட்டு வைத்தார். “எல்லாரும் குனிஞ்சு பாருங்க.” பார்த்தோம். ஓனர், மஞ்சுநாத், கனகம்மா, நான், நான்கு பேரும் வரிசையாக ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு.

“இந்தப் பூச்சுக்குத் தண்ணி ஆகாது. நம்ம பாக்கெட்டை உப்ப வெக்கற வகையறாவுக்கும் தண்ணி ஆகாது, நேத்தே எண்ணெய்ல குலுக்கிப் பாத்துட்டேன். ஆகாதவங்க ரெண்டு பேரு தண்ணிக்கு நடுவுல மாட்டினா என்ன செய்வாங்க? ஒண்ணையொண்ணு கட்டிப் பிடிச்சுக்குவாங்க. மாமியாரைப் பிடிக்காத ரெண்டு மருமகளுங்க மாதிரி. கழுவற தண்ணியும் இந்தத் தோலை நனைக்காம உருண்டு போயிரும். அதுலயும் டேங்கர் தண்ணி. சோப்பும் வேலை செய்யாது, சுண்ணாம்பு நடுவுல புகுந்து கையும் கோத்து விட்டுரும்.”

இதை நான் கன்னடத்தில் சொல்லச் சொல்ல என் குரல் தேய்ந்துகொண்டே போனது. என் குற்றப்பத்திரிகையை நானே வாசித்துக்கொண்டிருந்தேன்.

“இந்தப் பைப்பை யார் வாங்கியது?” என்றார் ஓனர்.

“வாங்கப்பட்டது சார்” என்றேன்.

“சார்தான் சார்” என்றாள் கனகம்மா. “மாலை போட்டு இட்டாந்தாரு.”

மேடம் முன்னால் வந்தார். “எங்கிட்டயும் தப்பு இருக்குதுங்க. ஒட்டு எவ்வளவுன்னு தப்பான பாஷையில கேட்டுட்டு இருந்தேன்.” கெஞ்சவில்லை, மழுப்பவில்லை. மஞ்சுநாத் பெயரை எடுக்கவே இல்லை.

ஓனர் முதலில் அவரைப் பார்த்தார், பிறகு என்னை. ஒருத்தர் எதையென்று தெரியாமல் வாங்கினார், ஒருத்தர் எதையென்று தெரியாமல் கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டே, “இப்ரூ ஒட்டிகே ஹோகி” என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். அவ்வளவுதான். எனக்குக் காது அடைத்தது. அன்றைக்கென்று பார்த்து கன்னடம் மிகத் தெளிவாகப் புரிந்தது.

மேடம் சொன்னார், “ஆகட்டுங்க சார். ஒட்டிக்கறோம்.”

சொல்லிவிட்டு ஸ்டோருக்குள் போய், நான் கழற்றிப்போட்ட பழைய எஃகுப் பைப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். “கனகாக்கா, மோருக்கு வடிகட்டற தண்ணியவே சூடு பண்ணிக் கொடுங்க. இனிமே கழுவறதும் அதுலதான். மஞ்சுநாத், இங்க வாங்க, துடைக்கறது எப்படின்னு காட்டறேன்.” ஆளாளுக்கு வேலையில் இறங்கினார்கள். நடுவில் ஓனரும் நானும் மட்டும் வெறுங்கையோடு நின்றோம்.

“என்ன சொன்னார் அவர்?” என்று ஓனர் என்னைக் கேட்டார்.

“சரி என்றார் சார்.”

ஓனருக்கு யோசனை ஓடியது. போ என்றதற்குச் சரி என்றவரை மறுபடியும் போ என்று எப்படிச் சொல்வது? காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரமே பாக்கெட்டுகள் பலகைபோலப் படுத்தன. ஆனால் ஓனர் அந்த உத்தரவைத் திரும்பப் பெறவே இல்லை. அதுதான் என் உயிரை எடுத்தது. சட்டப்படி நான் வேலையில் இருக்கிறேனா, இல்லையா? அவர் கார் சத்தம் கேட்டால் தொட்டிக்குப் பின்னால் போய்த் தெர்மாமீட்டரை உற்றுப் பார்ப்பேன். கம்பெனியில் அப்போது வெப்பநிலை அவ்வளவு துல்லியமாகக் கவனிக்கப்பட்டது. மேடத்திடம், “அன்னைக்கு நிஜமாவே உங்களுக்குப் புரியலையா மேடம்?” என்று கேட்டேன். “எது சார்?” என்றார். முகத்தில் சொட்டு வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

மழைக்காலம் வந்த பிறகு ஒரு நாள் ஓனர் என்னைத் தொட்டிக்குப் பின்னாலேயே வந்து பிடித்தார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“அன்னைக்கு நான் உங்க ரெண்டு பேரையும் போகச் சொன்னேன். அந்த மேடம் ஏன் போகல? கன்னடம் தெரியாதா?”

என் நாக்கு என்னைக் கேட்காமலேயே வேலை செய்தது. “தெரியாது சார். ஒரு சொல் தெரியாது. பாவம் சார்.”

அதே சமயம் ஜன்னலுக்கு வெளியே, கேட்டருகில், “ஏன்ரீ, இது நீரா சுண்ணானா?” என்று ஒரு குரல் எழுந்தது. இது தண்ணீரா சுண்ணாம்பா என்று டேங்கர்காரனைப் பிடித்துக்கொண்டிருந்தார் மேடம். தண்ணீரின் கடினத்தில் ஆரம்பித்து, அவன் கிணறு, அவன் டேங்கர் கழுவப்படாத வருடங்கள், அவன் சொன்ன பொய்கள் என்று படிப்படியாக ஏறி, எங்கும் தடுக்காமல், துமகூர் வாசனையோடு பொழிந்தது கன்னடம். டேங்கர்காரன், “ஆய்த்து மேடம், ஆய்த்து மேடம்” என்று பின்வாங்கிக்கொண்டே போனான்.

ஓனர் முழுவதையும் நின்று கேட்டார். ரசித்தாரா, எண்ணினாரா, தெரியவில்லை. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“கன்னடம் தெரியாது, இல்லையா?”

“தெரியாது சார்.”

“சரி. கத்துக்கற வரைக்கும் இருக்கட்டும்.” கிளம்பப்போனவர் நின்றார். “அது சரி, நீங்க எதுக்கு இருக்கீங்க?”

“நான்தான் சார் அவங்களுக்குக் கத்துக்கொடுக்கறேன்” என்றேன்.